குவாயாகில் – லிமா, இரண்டு மணி நேரம்

டிக்கெட்டை மும்பைக் கம்பெனி போட்டிருந்தது.
அதை வாசித்துக் கேட்கத்தான்
குறும்பனையிலிருந்து இரண்டு பஸ் மாறித்
தக்கலைக்கு வந்திருந்தாள் பிரைட்டி.
திங்கள்சந்தையில் அரைமணி நின்றதாம் வண்டி,
யாரோ பலாப்பழம் ஏற்றினார்களாம்.

"எக்கா, இந்த ரெண்டு ஊருக்கும் எவ்வளவு தூரம்?"

நூல் பிடித்தாற்போல் போனால்
ஆயிரத்து நூற்று நாற்பது கிலோமீட்டர்.
பறக்க இரண்டு மணி நேரம்.
இங்கேயிருந்து ஹைதராபாத் போய்
அதற்கும் மேலே கொஞ்சம் என்றேன்.
அவள் ஹைதராபாத் பார்த்ததில்லை.
எட்டு வருடமாக டிக்கெட் போடுகிற நானும்தான்.

குவாயாகிலில் கப்பலைவிட்டு இறங்குகிறான் கிளீட்டஸ்,
அவள் மாப்பிள்ளை. ஒன்பது மாதம் முடிந்தது.
லிமாவில் நான்கு மணி நேரம் காத்திருப்பு,
பிறகு மாட்ரிட், பிறகு தோஹா,
பிறகு திருவனந்தபுரம்.

எழுந்து போகும்போதுதான் சொன்னாள்:
லிமாவுக்கு அடுத்தாற்போல், கய்யாவோ துறைமுகத்தில்,
நங்கூரமிட்டுக் கிடக்கிறது எட்பர்க்கின் கப்பல்.
கிளீட்டஸுக்கு நேர் இளையவன்.
அண்ணன் இறங்கினால் தம்பி ஏறியிருப்பான்.
ஒரு சுவரைப் பங்கிட்ட இரண்டு வீடு;
ஆறு கிறிஸ்துமஸாக ஒரே ஒரு ஸ்டார்,
அந்த வருடம் யார் ஊரிலிருக்கிறானோ
அவன் வாசலில்.

"நாலு மணி நேரம் போதாதா எக்கா?
ஒரு ஆட்டோ பிடிச்சா?"

வரைபடத்தைப் பெரிதாக்கினேன்.
குளச்சலுக்கும் மண்டைக்காட்டுக்கும் உள்ள தூரம்தான்
விமான நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும்.
தம்பிக்குக் கரையேற அனுமதி இல்லை.
அண்ணனுக்கு வெளியே வர விசா இல்லை.
ஆயிரத்து நூற்று நாற்பதைக் கடந்து வருகிறவனுக்குக்
கடைசி ஐந்து கிடையாது.

மறுபடி உட்கார்ந்தாள். பர்ஸிலிருந்து
மூன்று ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து மேசையில் வைத்தாள்.
"சன்னலோரம் போடுங்க."
எந்தப் பக்கச் சன்னல்?
அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை,
நானும் யாரிடமும் கேட்டதில்லை.
வடக்கேயிருந்து வந்து
தெற்கே மூக்கை நீட்டி இறங்கினால்
கடல் வலது கையில்.
பென்சிலைத் திரையில் சாய்த்து வைத்து
கழுத்தை ஒடித்துக்கொண்டு
இரண்டு பேரும் ஒருமுறை இறங்கிப் பார்த்தோம்.
பதினேழு எஃப்.

அங்கே இரவு எட்டேகால்.
நமக்கு மறுநாள் காலை ஆறே முக்கால்.
என் மேசைக்கு முன்னாலேயே தம்பிக்கு வாய்ஸ் அனுப்பினாள்,
கரையில் நின்று வள்ளத்தைக் கூப்பிடுகிற சத்தத்தில்:
"லே எட்பர்க்கு, எட்டேகாலுக்கு மேல்தட்டுல வந்து நில்லு.
டார்ச்சை மூணு தடவை அடி. ஒறங்கிராத."

அந்தச் செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கே விழித்துவிட்டேன்.
வீட்டில் காரணம் சொல்லவில்லை.
மழை விட்டிருந்தது. ரப்பர் விளையில்
பால் வெட்டுகிறவரின் நெற்றி விளக்கு
மரத்துக்கு மரம் நின்று நின்று போயிற்று.
போனில் மஞ்சள் விமானம்
கண்டத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே ஊர்ந்தது,
சர்க்கரை டப்பா விளிம்பில் எறும்பு போல.
ஆறு நாற்பத்தேழுக்கு நின்றது.

வெள்ளிக்கிழமை பிரைட்டி கூப்பிட்டாள்.
ஆள் வந்து சேர்ந்தாச்சு, அடுப்பில் நெய்மீன்.
"கண்டாராம் எக்கா! மூணு தடவையும்!
இவரு கை காட்டினத அவனும் கண்டானாம்!"

நல்லது, என்றேன்.
செவ்வாய்க்கிழமையே பார்த்து வைத்திருந்தேன்
அந்த நேரத்து லிமாவின் வானிலையை:
ஊரும் கடலும் தெரியாமல்
மூடிக் கிடந்தது தாழ்ந்த மேகம்.

சீட்டுக்கு ஆயிரத்து நானூற்று ஐம்பதுதான் ஆயிற்று,
மீதி ஐம்பது ரூபாய் இருக்கிறது என்றேன்.
"அது கெடக்கட்டும் எக்கா," என்றாள்,
"அடுத்த தடவைக்கு."